தூங்குகிறார் என்றே நினைத்தோம்

கேள்வி: என் மாமனாருக்கு 72 வயது. பல ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு கிளைபென்கிளமைடு மாத்திரை எடுத்து வருகிறார். காய்ச்சலால் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, ஆனால் மாத்திரையை விடாமல் போட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் விடியற்காலை பலமாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அசதியில் தூங்குகிறார் என்றே நினைத்தோம். ஏழு மணிக்கு எழுப்பியபோது எழவில்லை. சர்க்கரை இறங்கியிருக்கும் என்று சர்க்கரைத் தண்ணீரை வாயில் ஊற்றினோம். இருமினாரே தவிர விழிக்கவில்லை. மருத்துவமனையில் சர்க்கரை 28 என்றும், கோமா ஸ்கோர் 7 என்றும் சொன்னார்கள். குளுக்கோஸ் ஏற்றியதும் கண் திறந்து பேசினார். இரண்டு மணி நேரத்தில் மறுபடி மயங்கினார். பிறகு நிமோனியா வந்து சில நாள் வென்டிலேட்டரில் இருந்து மீண்டார். நாங்கள் ஊற்றிய தண்ணீரால்தான் நிமோனியா வந்ததா? ஸ்கோர் 7 என்றால் என்ன? இது நடந்து இரண்டு மாதத்தில், எங்கள் 11 வயது நாய்க்கு முதல்முறையாக வலிப்பு வந்து, அரை மணி நேரம் நினைவில்லாமல் கிடந்தது. மனிதருக்குச் செய்யும் முதலுதவியே நாய்க்கும் போதும் என்கிறார் என் கணவர். சரியா? இன்னொன்று: கணவரின் நண்பர் தலையில் அடிபட்டு ஐந்து வாரமாகக் கண்ணைத் திறந்தபடி படுத்திருக்கிறார். யாரையும் தெரியவில்லை. ஆனால் 'கோமாவில் இல்லை' என்கிறார்கள். புரியவில்லை.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்களை அதிகம் வாட்டுவது நிமோனியா பற்றிய கேள்விதான் என்று கடிதத்தைப் படித்தபோது தோன்றியது. அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஊற்றிய தண்ணீரால் வந்திருக்கலாம். ஆனால் அதனால்தான் வந்தது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆழ்ந்த மயக்கத்தில் இருப்பவருக்கு வெளியிலிருந்து ஒரு சொட்டுக்கூட ஊற்றாவிட்டாலும், அவருடைய எச்சிலும் இரைப்பையிலிருந்து மேலேறி வரும் அமிலமும் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். உங்கள் மாமனார் பல மணி நேரம் அந்த நிலையில் படுத்திருக்கிறார். போதாததற்கு ஏற்கெனவே காய்ச்சல் வேறு. அந்தக் காய்ச்சலே நுரையீரலில் தொடங்கியதாகவும் இருக்கலாம். ஆகவே பழியை நீங்கள் சுமக்க வேண்டாம். ஆனால் அடுத்த முறை ஊற்றவும் வேண்டாம்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நாம் விழுங்கும் ஒவ்வொரு முறையும் குரல்வளை மேலே எழும்பி, மூச்சுக்குழாயின் வாய் மூடிக்கொள்கிறது. இதைக் கணக்காக நடத்துவது மூளையின் அடிப்பகுதியான மூளைத்தண்டு. விழித்திருக்கும்போதே சற்றுப் பிசகினால் புரை ஏறிவிடுகிறது. நினைவு மங்கியவருக்கு இந்தக் காவல் தளர்ந்திருக்கும். வாயில் ஊற்றுவது எந்தப் பக்கம் போகும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அவர் இருமியது ஒரு வகையில் நல்ல அறிகுறி, காவல் முழுதாகப் போகவில்லை என்று பொருள். இன்னும் ஆழமான மயக்கமாக இருந்திருந்தால் இருமல்கூட வந்திருக்காது.

சர்க்கரை குறைந்திருக்கும் என்ற உங்கள் ஊகம் மிகச் சரியானது. கொடுக்கும் வழியில்தான் பிழை. கூப்பிட்டால் பதில் சொல்கிறார், உட்காருகிறார், தானாகவே தம்ளரைப் பிடித்துக் குடிக்கிறார் என்றால் 15 முதல் 20 கிராம் குளுக்கோஸையோ சர்க்கரையையோ வாய்வழி கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதித்துப் பார்க்கலாம். கூப்பிட்டால் பதில் இல்லை என்ற கணத்திலிருந்து வாய் மூடிய வழி. அதன் பிறகு சர்க்கரை ஊசி வழியாகத்தான் போக வேண்டும். குளுககான் என்ற ஹார்மோனைத் தசையில் ஊசியாகவோ மூக்கில் தூளாகவோ வீட்டிலேயே கொடுக்க முடியும். இன்சுலின் போடுபவர்கள் இருக்கும் வீடுகள் இதை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஆனால் உங்கள் மாமனாரைப் போல இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தவருக்கு அது சரியாக வேலை செய்யாமல் போகலாம். குளுககான் ஈரலில் சேமித்திருக்கும் சர்க்கரையைத்தான் வெளியே தள்ளுகிறது. பட்டினியில் அந்தச் சேமிப்பு தீர்ந்திருக்கும்.

இனி அந்தக் குறட்டை. எனக்கு உங்கள் கடிதத்தில் நெஞ்சை உறுத்திய இடம் அது, ஏனென்றால் எத்தனையோ வீடுகளில் இதே வார்த்தைகளைக் கேட்டிருக்கிறேன். நினைவிழந்தவரின் தாடைத் தசைகள் தளர்ந்து, நாக்கு பின்னால் சரிந்து தொண்டையைப் பாதி அடைக்கிறது. அந்த இடுக்கில் காற்று புகுந்து வரும் ஓசை குறட்டையாகக் கேட்கிறது. வழக்கமாகக் குறட்டை விடுபவராக இருந்தால் சந்தேகமே வராது. வழக்கத்தைவிடப் பலமாக, வழக்கமில்லாத நேரத்தில், நோயில் படுத்திருப்பவரிடமிருந்து இந்த ஓசை வந்தால் ஒரு முறை எழுப்பிப் பார்த்துவிடுங்கள். தூங்குபவர் எரிச்சலோடாவது எழுவார், ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்பிப் படுப்பார். தூக்கத்துக்கும் மயக்கத்துக்கும் வீட்டில் செய்யக்கூடிய சோதனை அதுதான். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர், அன்று தலையில் அடிபட்டவர், மது அதிகம் குடித்தவர், தூக்க மாத்திரையோ வலுவான வலி மாத்திரையோ எடுத்தவர் ஆகியோரைத் 'தூங்கட்டும்' என்று விடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். தலையில் அடிபட்டவர் முதலில் நன்றாகப் பேசிவிட்டு, மண்டையோட்டுக்குள் ரத்தம் சேரச் சேர மெல்ல மயக்கத்தில் அமிழ்வது உண்டு. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களிடம் இந்த ஆபத்து அதிகம்.

எழவில்லை என்று தெரிந்ததும் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். தோளைப் பிடித்து அசைத்து உரக்கக் கூப்பிடுங்கள். பதில் இல்லையென்றால் ஒருவர் ஆம்புலன்ஸை அழைக்கட்டும். நெற்றியில் ஒரு கையை வைத்துத் தலையைச் சற்றே பின்னால் சாய்த்து, இன்னொரு கையின் விரல்களால் தாடையை மேலே தூக்குங்கள். பல நேரங்களில் குறட்டை அந்தக் கணமே நின்று மூச்சு சீராகும். இவ்வளவு எளிய ஒரு கையசைவு உயிரைக் காப்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். மார்பு ஏறி இறங்குகிறதா என்று பத்து விநாடிக்கு மேல் எடுக்காமல் பாருங்கள். மூச்சு சீராக இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேலே இருக்கும் காலை முழங்காலில் மடக்கி, வாய் தரையை நோக்கி இருக்கும்படி செய்யுங்கள். வாந்தியோ எச்சிலோ வெளியே வழிந்துவிடும். விழுந்து அடிபட்டவராக இருந்தால் கழுத்தை முறுக்காமல் உடம்போடு சேர்த்துத் திருப்ப வேண்டும். மூச்சே இல்லை, அல்லது தரையில் போட்ட மீனைப் போல எப்போதோ ஒரு முறை வாயைத் திறந்து திணறுகிறார் என்றால் அதை மூச்சாகக் கணக்கில் கொள்ளாதீர்கள். இதயம் நின்றவரிடம் அந்தத் திணறல் சில நிமிடம் தொடரும். மார்பின் நடுவில் 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தத் தொடங்கிவிடுங்கள்.

வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால், ஆம்புலன்ஸ் வரும் நேரத்தில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பாருங்கள். எங்கள் துறையில் நினைவிழந்து வரும் எவருக்கும், காரணம் கண்ணுக்கு முன்னால் தெரிவதுபோல் இருந்தாலும், முதல் சில நிமிடத்திலேயே சர்க்கரை பார்த்துவிடுவோம். சர்க்கரைக் குறைவு பக்கவாதத்தைப் போலவே ஒரு பக்கக் கை காலை முடக்கும், வலிப்பு வரவழைக்கும், குடித்தவரைப் போலப் பேச வைக்கும். மூளை சேமிப்பே இல்லாமல் நிமிடத்துக்கு நிமிடம் ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்ளும் உறுப்பு. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் சர்க்கரை 70 மில்லி கிராமுக்குக் கீழே போனாலே குறைவு என்கிறோம். 54-க்குக் கீழே மூளையின் வேலை தடுமாறத் தொடங்கும். 28 என்பது கோமாவுக்குப் போதுமான பள்ளம். அங்கே பல மணி நேரம் கிடந்தால் மீளாத சேதம் நேரலாம். அவர் பேசி நடமாடுகிறார் என்பது மிக நல்ல செய்தி. அடுத்த சில வாரங்களுக்கு அவருடைய ஞாபகத்திலும் கணக்கு வழக்கிலும் மாற்றம் தெரிகிறதா என்று கவனித்து, இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

விழித்தவர் இரண்டு மணி நேரத்தில் ஏன் மறுபடி மயங்கினார்? மருத்துவமனையின் கவனக்குறைவு என்று நீங்கள் நினைத்திருந்தால், அப்படி இருக்க வேண்டியதில்லை. கிளைபென்கிளமைடு கணையத்தை விடாமல் இன்சுலின் சுரக்க வைக்கும் மாத்திரை. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டிய மருந்து, காய்ச்சலில் நீர் வற்றிச் சிறுநீரகம் மந்தமானால் உடம்பிலேயே தேங்கிவிடும். ஊசியில் ஏற்றிய குளுக்கோஸ் ஓரிரு மணி நேரத்தில் செலவாகிவிடும், மாத்திரையின் பிடி ஒரு நாளுக்கு மேலும் நீடிக்கும். இந்த வகை மாத்திரையால் சர்க்கரை இறங்கியவரைக் குறைந்தது 24 மணி நேரம் மருத்துவமனையில் வைத்துத் திரும்பத் திரும்பச் சோதிப்பது அதனால்தான். 'விழித்துவிட்டாரே, வீட்டுக்குப் போகலாம்' என்று அழைத்துப் போனவர்கள் இரவில் அதே மயக்கத்தோடு திரும்பி வருவது உண்டு.

ஸ்கோர் 7-க்கு வருகிறேன். கிளாஸ்கோ கோமா அளவுகோல் என்பது அதன் பெயர். கிளாஸ்கோ நகரின் நரம்பு அறுவை மருத்துவர்கள் கிரகாம் டீஸ்டேலும் பிரையன் ஜென்னட்டும் 1974-இல் வெளியிட்டது. அதற்கு முன் ஒரு மருத்துவர் 'அரை மயக்கம்' என்று எழுதியதை இன்னொருவர் 'ஆழ்ந்த மயக்கம்' என்று படித்துக்கொண்டிருந்தார்கள். டீஸ்டேலும் ஜென்னட்டும் மூன்று விஷயங்களைத் தனித்தனியாகப் பார்க்கச் சொன்னார்கள்: கண் எப்போது திறக்கிறது (4 வரை), வாய் என்ன பேசுகிறது (5 வரை), கை கால் எப்படி அசைகிறது (6 வரை). முழுத் தெளிவு 15. எதற்கும் எந்த அசைவும் இல்லாதவருக்கும் 3 உண்டு, பூஜ்யம் கிடையாது. 8 அல்லது அதற்குக் கீழே என்றால் கோமா என்று கொள்கிறோம், மூச்சுப்பாதையை அவரால் தானே காத்துக்கொள்ள முடியாது என்று எச்சரிக்கையாகிவிடுகிறோம்.

ஆனால் கூட்டுத்தொகையை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டார் பயப்படுவதையும் நிம்மதியடைவதையும் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். கண் திறக்காமல் 1, முனகலுக்கு 2, கிள்ளினால் கையை இழுத்துக்கொள்வதற்கு 4 என்று ஒருவருக்கு 7 வரும். கண் தானாகத் திறந்திருப்பதற்கு 4, குரலே இல்லாமல் 1, வலிக்குக் கை கால் விறைத்து நீள்வதற்கு 2 என்று இன்னொருவருக்கும் 7 வரும். இந்த இரண்டாமவரின் மூளைத்தண்டு நசுங்கிக்கொண்டிருக்கலாம். காரணம் எது என்பதும் சேர்ந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் வரும். சர்க்கரைக் குறைவில் 7 என்பவர் கால் மணி நேரத்தில் 15 ஆகிவிட முடியும், உங்கள் மாமனார் ஆனதுபோல. மூளையில் ரத்தம் கசிந்து 7 ஆனவரின் பாதை வேறு. இனி யாராவது மருத்துவமனையில் எண்ணைச் சொன்னால், 'மூன்றும் தனித்தனியாக எவ்வளவு, காலையில் எவ்வளவு இருந்தது' என்று கேளுங்கள். ஏறுகிறதா இறங்குகிறதா என்பது ஒரு நேரத்து எண்ணைவிட அதிகம் சொல்லும்.

வீட்டில் இவ்வளவு கணக்கு தேவையில்லை. தானாக விழித்திருக்கிறாரா, கூப்பிட்டால் அசைகிறாரா, வலித்தால் மட்டும் அசைகிறாரா, எதற்குமே அசையவில்லையா என்ற நான்கு படிகளில் எந்தப் படி என்று பார்த்தால் போதும். வலியைச் சோதிக்க விரல் நகத்தின் மேல் அழுத்தினாலே தெரியும். மார்பெலும்பைத் தேய்ப்பதும் அறைவதும் வேண்டாம். எந்த நேரத்தில் எந்தப் படி என்று குறித்து வையுங்கள்.

இதைச் சொல்லும்போது எனக்கு மிக முக்கியமாகப் படுகிற ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நினைவு என்பது இரண்டின் கூட்டு வேலை. மூளைத்தண்டின் மேற்பகுதியிலிருந்து கிளம்பும் ஒரு நரம்பு வலை நம்மை விழிக்க வைக்கிறது. 1949-இல் நரம்பியல் ஆய்வாளர்கள் மொருஸ்ஸியும் மகூனும் பூனைகளில் செய்த சோதனைகளில் அதை அடையாளம் கண்டார்கள். விழித்த பின் அறிவதும் உணர்வதும் பெருமூளையின் இரு அரைக்கோளங்களின் வேலை. ஒருவர் நினைவிழக்க வேண்டுமென்றால் அந்த வலை பழுதாக வேண்டும், அல்லது இரு அரைக்கோளங்களும் ஒருசேர முடங்க வேண்டும். இரண்டையும் முடக்கக்கூடியவை ஏராளம்: சர்க்கரை, சோடியம், ஆக்சிஜன் குறைவு, ஈரல் அல்லது சிறுநீரகச் செயலிழப்பு, கடும் வெப்பம், மூளைக்காய்ச்சல், வெளியே துடிப்பே தெரியாமல் மூளைக்குள் ஓடும் வலிப்பு, விஷம், மருந்து. ஸ்கேன் இவற்றில் சிலவற்றைத்தான் காட்டும். மற்றவற்றுக்கு எங்களுக்கு வழிகாட்டுவது கண்டெடுத்தவரின் வாய்மொழிதான்.

ஆகவே ஆம்புலன்ஸில் ஏறுபவர், உண்மையில் பார்த்தவராக இருக்கட்டும். கடைசியாக எப்போது அவர் இயல்பாக இருந்ததைப் பார்த்தீர்கள் என்று நாங்கள் கேட்போம். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு உள்ள நாலரை மணி நேரக் கெடு, நீங்கள் கண்டுபிடித்த நேரத்திலிருந்து ஓடுவதில்லை. அவர் நன்றாக இருந்ததைக் கடைசியாகப் பார்த்த நேரத்திலிருந்து ஓடுகிறது. பக்கத்தில் கிடந்த மாத்திரை அட்டைகள், பாட்டில்கள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வாருங்கள், காலியாக இருந்தாலும். கை கால் வெட்டியதா, வாயில் நுரை வந்ததா, அதிகமாக வியர்த்திருந்ததா, மெல்ல மெல்ல மயங்கினாரா, சட்டென்று விழுந்தாரா? விஷமோ மாத்திரையோ சந்தேகம் என்றால் கூச்சப்படாமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஊசிமுனையாகச் சுருங்கிய கண்மணியோடு மூச்சு மந்தமாக இருப்பவருக்கு ஓபியாய்டு எனும் அபின் வகை வலி மருந்து காரணமென்றால் நலோக்சோன் ஊசியில் விழித்துவிடுவார். அதே ஊசிமுனைக் கண்மணி பூச்சிமருந்தாலும் வரும், ஆனால் அவருக்கு எச்சிலும் வியர்வையும் பெருகும், மருந்து அட்ரோபின். இரண்டும் இல்லாமல் மூளைத்தண்டில் ரத்தக்கசிவாகவும் இருக்கலாம். உங்கள் ஒரு வார்த்தை எங்களை நேராகச் சரியான மருந்துக்குக் கொண்டுபோகும்.

நாய் பற்றிய கேள்விக்கு, கால்நடை அவசர சிகிச்சையில் பணிபுரியும் என் நண்பரிடம் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். உங்கள் கணவர் சொல்வது பெரும்பகுதி சரி என்றார். மூச்சுப்பாதை முதலில், வாயில் எதையும் ஊற்றக்கூடாது, வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் உயிர் ஆபத்து என்ற மூன்றும் இருவருக்கும் ஒன்றே. வலிப்பில் நாயும் நாக்கை விழுங்கிவிடாது, மனிதரும் விழுங்கிவிட மாட்டார். இருவர் வாயிலும் கரண்டியோ விரலோ நுழைக்கக் கூடாது. நாயின் விஷயத்தில் விரல் போய்விடும், அது தெரிந்து கடிப்பதில்லை. சுற்றியிருக்கும் பொருள்களை நகர்த்தி, வெளிச்சத்தையும் சத்தத்தையும் குறைத்து, நேரம் பார்த்து, முடிந்தால் கைபேசியில் படம் எடுங்கள். அந்தப் படம் மருத்துவருக்கு எந்த விளக்கத்தையும்விட உதவும். ஒரே நாளில் மறுபடி வந்தால் தாமதிக்காமல் கொண்டுபோக வேண்டும்.

வேறுபாடுகளும் உண்டு. நினைவில்லாத நாயைத் தூக்கும்போது முதலில் கழுத்துப் பட்டையைக் கழற்றுங்கள். கழுத்துச் சிரையை அழுத்தும் எதுவும் மூளையிலிருந்து ரத்தம் வடிவதைத் தடுத்து மண்டைக்குள் அழுத்தத்தைக் கூட்டும். பக்கவாட்டில் கிடத்தி, கழுத்தை நேராக நீட்டி வையுங்கள். மூச்சும் இதயமும் நின்றிருந்தால் நாய்க்கும் நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம்தான், ஆனால் பக்கவாட்டில் படுத்த நிலையில், மார்பின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை அமுங்கும்படி. ஊதுவதாக இருந்தால் வாயை மூடிப் பிடித்து மூக்கு வழியாக. மாடு என்றால் நிலையே மாறும். கன்று ஈன்ற ஓரிரு நாளில் ரத்தத்தில் கால்சியம் இறங்கிப் படுத்துவிடும் பசுவை ஒருக்களித்துக் கிடத்தினால் வயிறு உப்பி மூச்சுமுட்டும், மார்பு தரையில் படும்படி நிமிர்த்தி முட்டுக் கொடுக்க வேண்டும் என்றார். அந்தப் பசுவும் கால்சியம் ஊசி ஏற ஏற எழுந்து நிற்கும். அதற்கும் வாயில் மருந்தை ஊற்றினால் நுரையீரலுக்குத்தான் போகும்.

கால்நடை மருத்துவரும் இதே போன்ற ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார். நாய் பேசாது என்பதால் வாய்க்குப் பதிலாகக் கண்மணியும் கண்ணின் அனிச்சை அசைவுகளும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அசைவு, மூளைத்தண்டின் அனிச்சைகள், விழிப்பு என்று மூன்றுக்கும் தலா 6, மொத்தம் 18. உங்கள் நாய்க்கு ஏதாவது எண் சொல்லப்பட்டிருந்தால் அதை மாமனாரின் 15-ஓடு ஒப்பிட்டுவிடாதீர்கள்.

வலிப்புக்குப் பின் நாய் குழம்பித் தள்ளாடுவதும் அசந்து கிடப்பதும் வழக்கம்தான், அரை மணி நேரம் அதற்குள் அடங்கும். நண்பர் கவலைப்பட்டது வயதைப் பார்த்து. காரணம் தெரியாத பரம்பரை வலிப்பு நோய் பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் ஆறு வயதுக்கும் இடையில் தலைகாட்டும். 11 வயதில் முதல் வலிப்பு என்றால் மூளைக்கட்டி, ஈரல் கோளாறு, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் கட்டி எல்லாவற்றையும் தேட வேண்டும். வலிப்பு நின்றுவிட்டது என்று விட்டுவிடக் கூடாது.

அதோடு அவர் கேட்ட ஒரு கேள்வி என்னைத் திடுக்கிட வைத்தது. "வீட்டில் சர்க்கரை மாத்திரை இருக்கிறது. நாய் கீழே விழுந்த மாத்திரையைத் தின்றதா என்று யாராவது பார்த்தார்களா?" உங்கள் மாமனாரை மயக்கிய அதே மாத்திரை நாயின் கணையத்தையும் அப்படியே தூண்டும். உடல் எடை குறைவு என்பதால் ஒன்றே போதும். இன்னொன்று, சர்க்கரை நோயாளிகள் இருக்கும் வீடுகளில் சர்க்கரை சேர்க்காத சூயிங்கம், மிட்டாய் இருப்பது இயல்பு. அவற்றில் பலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பு உண்டு. மனிதருக்கு அது இப்படி நஞ்சாவதில்லை. நாயின் உடம்பில் அது இன்சுலினைக் கொட்டச் செய்து, பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் சர்க்கரையைப் பாதாளத்துக்கு இறக்கிவிடும். ஒரு கிலோ எடைக்கு 0.1 கிராம் அளவே இதற்குப் போதும், 0.5 கிராமைத் தாண்டினால் ஈரலே செயலிழக்கலாம். ஆகவே கால்நடை மருத்துவமனைக்குப் போனபோது நாயின் ரத்தச் சர்க்கரை எவ்வளவு இருந்தது என்று கேட்டு வாங்குங்கள். பார்க்கவில்லை என்றால் இப்போதாவது சர்க்கரை, ஈரல் சோதனைகளைச் செய்யச் சொல்லுங்கள். மாத்திரைப் பெட்டியை நாய்க்கு எட்டாத இடத்துக்கு இன்றே மாற்றிவிடுங்கள்.

உங்கள் வீட்டில் இரண்டும் வேறு வேறு நாளில் நடந்தன. ஒரே அறையில் மனிதரும் வளர்ப்புப் பிராணியும் ஒரே நேரத்தில் தலைவலி, வாந்தி, மயக்கம் என்று சுருண்டால் கார்பன் மோனாக்சைடு வாயுவை நினையுங்கள். கரி அடுப்பு, ஜெனரேட்டர், பழுதான ஹீட்டர் ஆகியவற்றிலிருந்து வரும் இந்த வாயுவுக்கு மணமோ நிறமோ கிடையாது. விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியும் அந்த நேரத்தில் நல்ல எண்ணையே காட்டி ஏமாற்றும். காரணம் தேடிக்கொண்டு உள்ளே நிற்காமல் எல்லோரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

கடைசியாக உங்கள் கணவரின் நண்பர். விழிப்பும் அறிவும் இரு வேறு இடங்களின் வேலை என்றேனே, அதை இங்கே நினைவில் வையுங்கள். கோமா என்பது இரண்டும் இல்லாத நிலை, கண் திறக்கவே திறக்காது. அது அபூர்வமாகத்தான் நான்கு வாரத்தைத் தாண்டும். அதற்குள் சிலர் தெளிவார்கள், சிலர் இறந்துவிடுவார்கள், சிலரிடம் மூளைத்தண்டு மட்டும் மீண்டு கண் திறக்கும். பகலில் விழிப்பார்கள், இரவில் தூங்குவார்கள், கொட்டாவி விடுவார்கள், ஆனால் யாரையும் அறிந்ததற்கான அடையாளம் இருக்காது. 1972-இல் ஜென்னட்டும் நரம்பியல் மருத்துவர் பிரெட் பிளம்மும் இதைத் தனி நிலையாக விவரித்தார்கள். இதிலிருந்து சற்று மேலே ஒரு படி உண்டு. முகத்தைக் கண்ணால் தொடர்வது, சொன்னதை ஒரு நேரம் செய்வது, மறுநேரம் செய்யாதது என்று விட்டுவிட்டு அறிவு மினுங்கும் நிலை. இரண்டுக்கும் குணமடையும் வாய்ப்பில் வேறுபாடு உண்டு, ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு முடிவு சொல்லக் கூடாது. இது தவிர, முழு அறிவோடு உடல் மட்டும் பூட்டிக்கொண்ட நிலையும் உண்டு. மூளைத்தண்டின் முன்பகுதி பழுதானவர்களால் கண்ணை மேலும் கீழும் அசைக்கவும் இமைக்கவும் மட்டுமே முடியும்.

இவருடைய வீட்டாருக்கு நான் சொல்ல விரும்புவது, கட்டிலருகே அவர் எதையும் கேட்கவில்லை என்ற நினைப்பில் பேசாதீர்கள் என்பது. 2006-இல் நரம்பியல் விஞ்ஞானி ஏட்ரியன் ஓவன் குழுவினர், கட்டளைக்கு எந்த அசைவும் காட்டாத ஒரு பெண்ணை டென்னிஸ் ஆடுவதாக நினைத்துக்கொள்ளச் சொல்லி ஸ்கேன் எடுத்தபோது, ஆரோக்கியமானவர்களின் மூளையில் வேலை செய்யும் அதே பகுதி அவளிடமும் வேலை செய்தது. 2024-இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில், கட்டளைக்கு எந்த அசைவும் காட்டாத 241 பேரில் 60 பேரின் மூளை, ஸ்கேனிலோ, மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி.யிலோ கட்டளையைப் பின்பற்றியது. நான்கில் ஒருவர். உங்கள் நண்பர் அந்த ஒருவரா என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் அவருடைய மருத்துவர்களிடம் மூன்றைக் கேட்கலாம்: தூக்கம் தரும் மருந்து ஏதாவது இன்னும் ஓடுகிறதா, ஈ.ஈ.ஜி. எடுத்து மறைந்திருக்கும் வலிப்பு இல்லை என்று பார்த்தாயிற்றா, முறையான அளவுகோலை வைத்து வெவ்வேறு நேரங்களில் திரும்பத் திரும்பச் சோதித்தார்களா. வீட்டார் ஒருவர் கையில் முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து அவர் முகத்துக்கு நேரே மெல்ல இடமும் வலமும் நகர்த்திப் பார்க்கட்டும். கண் தொடர்ந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். தன் முகத்தைத் தொடரும் கண்ணே பல நேரம் முதல் அடையாளமாக வருகிறது.

உங்கள் மாமனாருக்கு இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று. அந்த மாத்திரையை அவர் இப்போதும் எடுக்கிறாரா என்று கடிதத்தில் இல்லை. முதியவர்களுக்குக் கிளைபென்கிளமைடு தவிர்க்கப்பட வேண்டிய மருந்து என்பது வெகுகாலமாகவே மருத்துவ வழிகாட்டுதல்களில் இருக்கிறது. அவருடைய மருத்துவரைப் பார்த்து, சிறுநீரகச் சோதனையோடு மாத்திரையை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். 72 வயதில் சர்க்கரை சற்றுக் கூடுதலாக இருப்பது, ஒரு முறை 28-க்கு இறங்குவதைவிடப் பாதுகாப்பானது. சாப்பிட முடியாத நாளில் எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும், எதைக் குறைக்க வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வாங்கி, மாத்திரைப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள். இன்சுலினுக்கு மாற்றினால் அதைத் தானாக நிறுத்தாமல் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். நாயின் சர்க்கரை எவ்வளவு இருந்தது என்று தெரிந்ததும் எனக்கு எழுதுங்கள், நண்பரிடம் காட்டிப் பதில் அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் மருத்துவர்